குளோரின்: இல்லை

நவம்பர் 1, சனி

இந்த டைரி ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்தது. பத்து மாதம் பீரோ மேல் தூசி தின்றது. இன்று எடுத்ததற்குக் காரணம் ஞானோதயம் எதுவும் இல்லை. என் மனைவி மாரீஸ்வரி ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். பதினாறாம் தேதி தேர்வு. அதுவரை வீட்டில் டி.வி. கூடாது, போனில் பேசக்கூடாது, நான் சும்மா உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கவும் கூடாது. வேறு என்னதான் செய்வது, எழுதுகிறேன்.

என் பெயர் பெத்துராஜ். இந்த ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் தண்ணீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே ஆறு மெஷின்கள். கீழே, படிக்கட்டுக்கு அடியில், நான். பத்து வருஷம் ஆகிறது.

டயாலிசிஸ் என்றால் ரத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஓர் ஆளுக்கு நாலு மணி நேரத்தில் நூற்றிருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் என் தண்ணீர். இரண்டு மாதம் குடிக்கிற தண்ணீர் ஒரே காலையில் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது. டாக்டருக்கு மாலை போடுகிறார்கள். எனக்கு யாரும் போட வேண்டாம், பிளான்ட் அறையில் சைக்கிளை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

ஊர்க் குழாய்த் தண்ணீர் வரும். முதலில் மணல், பிறகு குளோரினை உறிஞ்சும் கரித்தொட்டி, பிறகு உப்பை வடிக்கும் மெம்பரேன். உள்ளே வரும்போது டி.டி.எஸ். ஆயிரத்து நூறு, வெளியே போகும்போது எட்டு. அது கரைந்திருக்கிற உப்பின் கணக்கு. அதற்குப் பிறகு குளோரின் சோதனை. தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மூன்று சொட்டு மருந்து விட வேண்டும். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, மெஷின் ஓடக்கூடாது. பத்து வருஷத்தில் ஒரு நாளும் மஞ்சளானதில்லை.

மாதம் பிறந்துவிட்டதால் ரெஜிஸ்டரில் புதுப் பக்கம் கோடு போட்டு, நிரப்ப வேண்டியதை நிரப்பித் தயார் செய்தேன். இனி தினமும் டி.டி.எஸ். மட்டும் எழுதினால் போதும்.

டி.டி.எஸ்.: 8. குளோரின்: இல்லை.

நவம்பர் 3, திங்கள்

டி.டி.எஸ்.: 8. குளோரின்: இல்லை.

விடிந்ததிலிருந்து மழை. சொட்டு மருந்து பாட்டிலைக் கவிழ்த்தால் இரண்டு சொட்டுதான் விழுந்தது. ஸ்டோர் பையனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "வரும்ணே" என்றான். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்லுவான்.

சாயங்காலம் மாரீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தாள். தூய பொருள், கலவை. கலவையில் ஒருபடித்தானது, பலபடித்தானது. அடுப்படி முழுக்கப் பாடம்.

"என்னங்க, குழாத் தண்ணி தூய பொருளா, கலவையா?"

"கலவை."

"உங்க ஆஸ்பத்திரித் தண்ணி?"

"மீட்டர்ல எட்டு காட்டுதே. அதுவும் கலவைதான்."

"அப்ப எதுதாங்க தூயது?" என்று கரண்டியை நீட்டினாள். பிறகு அவளே சொன்னாள்: "பாத்தாலே வேற வேறயாத் தெரிஞ்சா பலபடித்தானது. மணலும் தண்ணியும் மாதிரி. ஒண்ணாத் தெரிஞ்சாத்தான் வம்பு. அது தூயதாவும் இருக்கலாம், ஒருபடித்தான கலவையாவும் இருக்கலாம். கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. சோதிச்சுத்தான் சொல்லணும்."

எனக்கே பாடம். பத்து வருஷமாகத் தண்ணீரில் நிற்பவனுக்கு.

நவம்பர் 4, செவ்வாய்

டி.டி.எஸ்.: 8. குளோரின்: இல்லை.

மச்சான் நாள். மாரீஸ்வரியின் அண்ணன் கனகராஜுக்கு மூன்று வருஷமாக எங்களிடம்தான் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை ஷிஃப்ட். சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்தவர். காலண்டர் சாமி படங்களுக்கு மை சேர்ப்பதில் ஆள் கில்லாடி. நாம் பார்த்தால் எல்லாம் சிவப்பு. அவருக்கு அதில் ஏழெட்டு ஜாதி உண்டு.

அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினார். அதன் பிறகு தொட்டதில்லை. மாரீஸ்வரிக்கு அப்பா அம்மா இரண்டும் அவர்தான்.

மேலே போய்ப் பார்த்தேன். "என்ன மாப்ள, கீழ கங்கை ஓடுதா?" என்று கேட்டார். எப்போதும் கேட்பதுதான்.

நவம்பர் 6, வியாழன்

டி.டி.எஸ்.: 9. குளோரின்: இல்லை.

ஊரில் வயிற்றுப்போக்கு. ஆட்டோவில் மைக் கட்டி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போடுகிறார்களாம். போட வேண்டியதுதான். வீட்டில் சோறு வாயில் வைத்தால் நீச்சல்குளத்தில் இறங்கியதுபோல் இருக்கிறது.

ஸ்டோரில் கேட்டேன். "வரும்ணே."

பிளான்ட்டில் வெளியே வரும் தண்ணீரை டம்ளரில் பிடித்து மோந்து பார்த்தேன். வாசம் இல்லை. கரித்தொட்டி இருக்கிறதே, அது எதற்கு?

நவம்பர் 8, சனி

டி.டி.எஸ்.: 8. குளோரின்: இல்லை.

காலை ஷிஃப்டில் மூன்று பேருக்குத் தலைவலி, ஒருவருக்கு வாந்தி. ஜெபசெல்வி சிஸ்டர் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக்கொண்டு ஓடினார். நாசரேத் பக்கத்துக்காரர், இருபது வருஷ சர்வீஸ். அவர் நிதானம் இழந்து நான் பார்த்ததில்லை. இன்றும் இழக்கவில்லை, ஆனால் ஓடினார்.

மச்சான் கட்டிலில் இருந்தபடியே ரத்தம் போகிற டியூபை விரலால் தூக்கிக் காட்டினார்.

"மாப்ள, இங்க வா. இது நம்ம சிவப்பு இல்ல."

"உங்களுக்கு வேற வேலை இல்லையா மச்சான்?"

"இல்லப்பா, பாரு. ரத்தம்னா மறைக்கிற சிவப்பு. பின்னால விரலை வச்சா தெரியக்கூடாது. இது மறைக்காத சிவப்பு. ஒயின் மாதிரி. பின்னால இருக்கிறது தெரியுது பாரு."

பார்த்தேன். டியூபுக்குப் பின்னால் அவர் விரல் மங்கலாகத் தெரிந்ததுபோலத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அப்படி. "அச்சாபீஸை விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, இன்னும் மை வாசம் போகல உங்களுக்கு" என்றேன். சிரித்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

விடுமுறை. பிளான்ட் ஓடவில்லை. மழை.

நவம்பர் 11, செவ்வாய்

டி.டி.எஸ்.: 8. குளோரின்: இல்லை.

மாதாந்திர ரத்தப் பரிசோதனை. காலையில் எடுத்த ஆறு சாம்பிளில் ஐந்தை லேபில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் உடைந்திருக்கிறது, திரும்ப எடுங்கள் என்று சீட்டு. ஊசியை வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ அப்படி ஆகுமாம்.

டாக்டர் நோயாளிகள் முன்னாலேயே ஜெபசெல்வி சிஸ்டரைப் பார்த்துக் கத்தினார். "ஒரு பிளட் எடுக்கத் தெரியாதா? ட்ரெய்னிங் வந்த பிள்ளைங்ககூட ஒழுங்கா எடுக்குது."

பிறகு சிஸ்டர் கீழே பிளான்ட் அறைக்கு வந்து, மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி அழுதார். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். "இருபது வருஷமா எடுக்கேன் அண்ணாச்சி. ஒரு சாம்பிள் திரும்பி வந்தது கிடையாது."

"விடுங்க சிஸ்டர். அவரு அப்படித்தான்" என்றேன்.

அந்த மருந்து பாட்டில் இன்னும் வரவில்லை. இன்று நான் கேட்கவும் இல்லை.

நவம்பர் 12, புதன்

டி.டி.எஸ்.: 8.

மனசு சரியில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஹீமோகுளோபின் முடிவு வந்தது. போன மாதம் மச்சானுக்கு 9.4. இப்போது 6.8. மற்றவர்களுக்கும் குறைந்திருக்கிறது. டாக்டர் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார். ஒருவருக்கு வயசு, ஒருவருக்கு இரும்புச் சத்து. மச்சானை போனில் கூப்பிட்டு, "ரத்தம் ஊறுற ஊசியை ஒழுங்கா போடுறீங்களா இல்லையா? திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதை ஸ்பீக்கரில் மச்சான் மனைவி கேட்டுவிட்டார். அங்கிருந்து அழுகையோடு மாரீஸ்வரிக்கு போன்.

மாரீஸ்வரி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்புக்கூட மாற்றாமல் ஆட்டோ ஏறினாள். நானும் கூடப் போனேன்.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. "இல்ல பாப்பா. தொடல. உன் தலைமேல அடிச்சது அடிச்சதுதான்" என்றார்.

"சத்தியத்தைப் பத்தி நீ பேசாத. டாக்டர் சும்மாவா சொல்வாரு? ஊசியப் போடாம, அந்தக் காசுக்குக் குடிச்சிருக்க. உன் ரத்தம் எங்க போச்சு? சொல்லு, எங்க போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் அச்சடித்த காலண்டர்.

"இனிமே நீ செத்தாக்கூட நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி வெளியே வந்தாள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? டாக்டரைவிட எனக்குத் தெரியுமா?

நவம்பர் 13, வியாழன்

டி.டி.எஸ்.: 8. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

மச்சான் வந்தார். படி ஏறுவதற்குள் இரண்டு தரம் நின்றார். கங்கையைப் பற்றிக் கேட்கவில்லை. "நீயாவது நம்புறியா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். "ரெஸ்ட் எடுங்க மச்சான்" என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு சிஸ்டர் ஒரு கண்ணாடிக் குழாயோடு கீழே வந்தார். மெஷினிலிருந்து இறக்கும்போது மச்சானிடம் எடுத்த ரத்தம். மெதுவாக, பார்த்துப் பார்த்து எடுத்தாராம். ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்.

"நல்ல ரத்தம்னா நிக்க வச்சா பிரியணும் அண்ணாச்சி. சிவப்பெல்லாம் கீழ இறங்கி, மேல வைக்கோல் நிறத்துல தெளிஞ்ச தண்ணி நிக்கணும். இதப் பாருங்க."

கீழே கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. ஆனால் மேலே நின்ற தண்ணீரும் சிவப்பு. அடியிலிருந்து நுனி வரை சிவப்பு.

"நான் உடைக்கல. உள்ளயே உடைஞ்சு வருது. அஞ்சு பேருக்கும் ஒண்ணு போல உடையுதுன்னா பொதுவா என்ன இருக்கு? தண்ணிதான் இருக்கு. அண்ணாச்சி, தண்ணி சரியாத்தான இருக்கு?"

"ரெஜிஸ்டரைப் பாருங்க" என்று எடுத்துக் காட்டினேன்.

தேதி வாரியாக விரல் வைத்துப் பார்த்தார். குளோரின் கட்டத்தில் முதல் தேதிக்கு நேரே 'இல்லை', அதற்குக் கீழே வரிசையாக மேற்படி குறி. நெடுநேரம் பார்த்தார். பக்கத்தின் கீழ்ப்பாதியில் என் கை இருந்தது. கையை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்?

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் முதல் ஷிஃப்ட் ஏறிய பிறகு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்ண மீன் கடைக்குப் போனேன். மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்க அதே சொட்டு மருந்து அங்கே கிடைக்கும். பத்து நிமிட நடை. மூன்றாம் தேதியே போயிருக்கலாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கடைக்காரர் சொன்னார்: "இந்த வாரம் பூரா மீன் செத்து மிதக்குது சார். தண்ணிய ரெண்டு நாள் வச்சு ஊத்தினாலும் சாகுது. முன்னெல்லாம் ஒரு நாள் வச்சா போதும்."

திரும்பி வந்து தண்ணீர் பிடித்து மூன்று சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது, அவ்வளவு நிம்மதி. குழாயைக் கொட்டப் போனேன். அந்த நேரம் மேலே மெஷின் அலாரம் அடித்து சிஸ்டர் கூப்பிட, குழாயை மேடையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது தண்ணீர் மஞ்சள். நல்ல மஞ்சள்.

பாட்டிலின் மேல் பொடி எழுத்தில் இருக்கிறது: ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கவும். பத்து வருஷமாக நான் பத்து விநாடிக்கு மேல் பார்த்ததில்லை.

மதுரையில் பிளான்ட் கம்பெனி இன்ஜினியருக்கு போன் போட்டேன். "மழைத்தண்ணியில வயல் உரம், சாக்கடை எல்லாம் கலந்து வந்தா, குளோரின் அதோட சேர்ந்து வேற பொருளா மாறிடும் சார். வாசம் அவ்வளவா வராது. உங்க டி.டி.எஸ். மீட்டர்ல தெரியாது. மெம்பரேனும் தடுக்காது. ரத்தத்துக்குள்ள போனா சிவப்பணுவை உடைக்கும். கரித்தொட்டி ஒண்ணுதான் அதை நிறுத்தும். உங்க கரி எப்ப மாத்தினது?"

கரி மாற்றி மூன்று வருஷம். ஒன்றரை வருஷத்தில் மாற்றச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டியது என் வேலை.

"சார், இப்ப மெஷின் ஓடுதா?" என்று கேட்டார்.

ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஆறு பேர். போனை வைத்த பிறகு பதினோரு நிமிடம் மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் நினைத்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியைத்தான். மேலே படுத்திருந்தவர்களை நினைக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

நிறுத்தினேன். டாக்டரிடம் மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்றேன். நோயாளிகளைப் பக்கத்து ஊர் சென்டருக்கு அனுப்ப ஏற்பாடு. புதுக் கரி மதுரையிலிருந்து நாளை வரும். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

நவம்பர் 15, சனி

கரி மாற்றியாயிற்று. சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. பத்து நிமிடமும் பார்த்தேன்.

ஜெபசெல்வி சிஸ்டரை மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். சாம்பிள் விஷயம்.

மதியம் மச்சான் மனைவி போன். பக்கத்து ஊர் சென்டருக்கு பஸ்ஸில் போனபோது மச்சான் மயங்கி விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றுகிறார்கள். "பாப்பாகிட்ட சொல்லாதீங்க தம்பி. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. அவரே சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

சொல்லவில்லை. மாரீஸ்வரி ஹால் டிக்கெட்டை மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணன் ஒரு போன்கூடப் பண்ணல பாத்தீங்களா? தப்பு செஞ்சவங்களுக்கு எப்படிப் பேச வாய் வரும்?" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

தேர்வு முடிந்து மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டு வந்தாள். தேர்வு மையத்து வாசலிலேயே நான் குடையோடு நின்றிருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"நம்ம படிச்சது அப்படியே வந்துச்சுங்க. இவற்றுள் பலபடித்தான கலவை எது? சர்க்கரைக் கரைசல், காற்று, பித்தளை, ரத்தம். நான் ரத்தம்னு போட்டேன். நிறைய பேரு ஒரே சிவப்பாத்தான இருக்குன்னு விட்டுட்டாங்க. நிக்க வச்சா பிரியும்ல?"

"பிரியாமலும் போகும்" என்றேன்.

"அதெப்படி?"

"அதுக்குள்ள தண்ணி வழியா ஒண்ணு போய் அணுவை எல்லாம் உடைச்சிருந்தா, மேல தெளியாது. எல்லாம் ஒரே சிவப்பா நிக்கும். உங்க அண்ணன் ரத்தம் அப்படித்தான் நின்னுச்சு."

பிறகு சொன்னேன். பாட்டில் தீர்ந்தது, மூன்றாம் தேதியிலிருந்து சோதிக்காதது, மாதம் பிறந்த அன்றே முப்பது நாளுக்கும் மேற்படி குறி போட்டு வைத்தது. இந்த மாதம் மட்டும் இல்லை, பல வருஷமாக எல்லா மாதமும் அப்படித்தான். நேற்று அவர் மயங்கி விழுந்தது வரை எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை நீங்க என் பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"செத்தாலும் வரமாட்டேன்னு சொன்னேன். அந்த வார்த்தையை என்னைப் பேச விட்டுட்டு, காலண்டரைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே."

எழுந்து போய் அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினாள். குடை என்னிடம் இருந்தது. கூட வரவா என்று கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். ஜெபசெல்வி சிஸ்டரையும் கூப்பிடச் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மீன் கடை பாட்டிலிலிருந்து மோட்டார் பொய் வரை சொன்னேன்.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரெஜிஸ்டரைப் புரட்டினார். "எல்லா நாளும் டெஸ்ட் பண்ணதா இருக்கே. ரெக்கார்டு கிளீனா இருக்கு. கரியும் மாத்தியாச்சு. நீங்க ஏன் இதைப் போய்..." என்று நிறுத்தினார்.

"சார், இன்னைக்குத் தேதி பதினேழு. முப்பதாம் தேதி வரைக்கும் குளோரின் இல்லைன்னு இருக்கு, பாருங்க."

பார்த்தார். மூடி வைத்தார். திரும்பத் திறந்து பார்த்தார்.

சிஸ்டர்தான் பேசினார். "ஒம்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை சார். அன்னைக்கு பிளான்ட்டே ஓடல. அதுக்கும் குறி இருந்துச்சு. வியாழக்கிழமை பாத்தப்ப என்னமோ உறுத்திச்சு, என்னன்னு பிடிபடல. வீட்டுக்குப் போய்க் காலண்டரப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. வெள்ளிக்கிழமை காலையில கேக்கணும்னு வந்தேன். கையில இருக்க வேலைய முடிச்சுட்டு இறங்குறதுக்குள்ள இவரு பிளான்ட்ட நிறுத்திட்டாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என் பேச்ச நீங்க கேப்பீங்களா சார்? அண்ணாச்சி தானாச் சொல்லுவாருன்னு ரெண்டு நாள் இருந்தேன். இன்னைக்குச் சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன்."

டாக்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். என்னைப் போல. கடைசியில் சிஸ்டரிடம், "நீங்க வேற இடம் பாக்க வேணாம்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் எழுந்து நின்று சொன்னார். நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லவும், ரத்தம் ஏற்ற வேண்டியவர்களுக்கு ஏற்றவும், சுகாதாரத் துறைக்கு எழுதவும் முடிவானது. எனக்கு மாதக் கடைசி வரை வேலை. வேறு ஆள் கிடைக்கும்வரை பிளான்ட்டை யாராவது பார்க்க வேண்டுமே.

நவம்பர் 20, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. மச்சானுக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏறியிருக்கிறது. மாரீஸ்வரி கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து சாத்துக்குடி உரிக்கப் போய், அவருக்கு அது ஆகாது என்று ஞாபகம் வந்து, தானே தின்றுகொண்டிருந்தாள். நான் வந்ததும் எழுந்து வெளியே போனாள். வீட்டுக்கு அவள் இன்னும் வரவில்லை.

நான் என் வாயால் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொன்னேன்.

"நான் சொன்னேன்ல, வேற சிவப்புன்னு" என்றார்.

"ஆமா மச்சான்."

"பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். விரல் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சும் சிரிச்ச."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது. ஜன்னலோரம் கிடைத்ததால் யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

ஒரு நோயாளியின் மகன் என் சட்டையைப் பிடித்தான். சிஸ்டர் விலக்கிவிட்டார். விலக்கியிருக்க வேண்டாம்.

மாரீஸ்வரி காலையில் வந்துவிட்டாள். சமைத்தாள். என்னோடு பேசவில்லை.

நவம்பர் 29, சனி

என் கடைசி நாள். புது ஆள் திங்கட்கிழமை வருகிறார். அவருக்காக இன்னொரு பாட்டில் சொட்டு மருந்து வாங்கி, மேடைமேல் வைத்தேன்.

பழைய ரெஜிஸ்டர் விசாரணைக்குப் போய்விட்டது. புது நோட்டில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வரியாகத்தான் இருக்கிறது. ஞாயிறு காலி.

காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மச்சான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்களிடம் அவருக்கு இதுதான் முதல் நாள். வேறு சென்டருக்குப் போவார் என்றுதான் நினைத்திருந்தேன். மேலே போக வேண்டியவர், பிளான்ட் அறைக்குள் வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று சொட்டு விட்டேன். குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் நிறுத்தினேன். கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஐந்து நிமிடம் என்பது நீளமான நேரம். மோட்டார் ஓடியது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அச்சகத்தில் முதல் தாளைப் பார்ப்பதுபோல அந்தக் குழாயைப் பார்த்தார். பிறகு கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குழாய்க்குப் பின்னால் அவர் விரல் துல்லியமாகத் தெரிந்தது, நகத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகூட.

ஆறாவது நிமிடமும் பார்த்தார். குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்தார். மாப்ள என்று கூப்பிடவில்லை.

"எழுது" என்றார்.

எழுதினேன்.

டி.டி.எஸ்.: 8. குளோரின்: இல்லை.